மாப்பிள்ளைக்கு மருதாணி

“காலை நீட்டாதண்ணா. மடக்கி உட்காரு.”

“எல்லாம் உன்னாலதான்டி,” என்று பல்லைக் கடித்தான் அண்ணன் வெற்றிச்செல்வன்.

என்னால்தான். மறுக்கவில்லை.

நன்னிலத்தில் பெண் பார்க்க வந்து, கூடத்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணனுக்குத் தஞ்சாவூரில் டைல்ஸ் கடையில் வேலை. நாள் முழுக்க ஷூ. கழற்றினால் பக்கத்தில் நிற்க முடியாது. போன மாதம் திருப்பனந்தாளில் பார்த்த பெண், மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவள்தான். திரும்பி வரவில்லை.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் நான்தான் வைத்தியம் பார்த்தேன். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு வாரம் காலை ஊறவைத்தேன். பாதி குறைந்தது. மிச்சமும் போகட்டுமே என்று நேற்று மருதாணி அரைத்துப் பாதம் முழுக்க அப்பினேன். கழுவாமல் தூங்கிவிட்டான். நாற்றம் போய்விட்டது. பாதம் சிவந்துவிட்டது.

காபி வாங்க அண்ணன் நகர்ந்தபோது கால் வெளியே வந்தது.

“மாப்பிள்ளைக்கு இப்பவே மருதாணி வச்சாச்சா?” என்றாள் பெண்ணின் அத்தை ரெங்கம்மாள்.

“பொண்ணுக்கு மிச்சம் வச்சிருக்காங்களான்னு கேளு,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது.

அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. பெண் ஈஸ்வரி நிமிரவே இல்லை. இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

“இதுல என்ன சிரிப்பு?” என்றார் பெண்ணின் அப்பா துரைராசு. “சேத்துப்புண்ணுக்குப் போட்டிருக்காரு. கடை வேலை பார்த்தாலும் வயல்ல இறங்குற புள்ள.”

சிரிப்பு நின்றது.

“ஆமாங்க. நடவுன்னா லீவு போட்டுட்டு ஓடியாந்துருவான்,” என்றாள் என் அம்மா, கூசாமல். நடவு வயலை அண்ணன் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான்.

நிச்சயத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பொய்யை நம்பிப் பெண் கொடுக்கிறாரே. நாளைக்குத் தெரிந்தால்?

சம்பந்தம் முடிவானால்தான் பெண் வீட்டில் கை நனைப்பது வழக்கம். துரைராசு கொல்லைக்கு வாழையிலை அறுக்கப் போனார். பின்னாலேயே போனேன்.

“மாமா, அண்ணன் வயல்ல இறங்கினதே இல்ல. கால் நாத்தத்துக்கு நான்தான் மருதாணி போட்டுவிட்டேன். அம்மா சொன்னது பொய். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

அவர் அறுத்த இலையை உதறினார்.

“சேத்துப்புண்ணுக்கு விரல் இடுக்குலதான் பாப்பா வைப்போம். பாதம் முழுக்க யாரு வைப்பா? பார்த்ததுமே இது வேற சங்கதின்னு தெரிஞ்சுபோச்சு. அத்தனை பேரு சிரிக்கிறப்ப அந்தப் புள்ள வாயைத் தொறக்க முடியாம உக்காந்திருந்துச்சு. அதான் நானே ஒண்ணச் சொல்லிவச்சேன். எல்லாரும் கை நனைச்சுட்டுத்தான் போறீங்க. இந்தா, இலையைப் புடி.”