மூன்றாம் மேசை

பாரிஸ் ரூ காய் தெருச் சாப்பாட்டுக்கடையின் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்த தவநாயகம் தலையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். மூன்றாம் மேசையில் அந்த ஆள்.

பதினெட்டு வருசமானாலும் மறக்கிற முகமா அது? வவுனியாக் கோட்டில், வழக்கு நடந்த ஒரு கிழமை முழுக்க நேருக்கு நேர் பார்த்த முகம். அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று கோட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் வைத்துத்தான் பத்து வருசம் மறியலில் கிடக்க வேண்டும் என்று தீர்ப்பானது. பிறகு இன்னொரு வழக்கில் வந்த கொலை மிரட்டல், தவநாயகத்தை நாட்டை விட்டே துரத்தியது.

“அண்ணை, பரிமாறுற ஜோன்சன் வரேல்லை. மூண்டாம் மேசைக்குப் புட்டைக் கொண்டுபோங்கோ,” என்றாள் முதலாளி அஜந்தா.

“நான் கோப்பை கழுவுற ஆள், பிள்ளை.”

“இண்டைக்கு மட்டும். அந்த மனுசன் போன கிழமையும் வந்தவர். வவுனியாக் கோட்டிலை தெரிஞ்ச ஒராளைத் தேடுறாராம்.”

பின்கதவால் ஓடலாம். பாரிஸ் வரை ஓடி வந்தாயிற்று, இனி எங்கே ஓடுவது?

புட்டுத் தட்டை மேசையில் கொண்டுபோய் வைத்தார். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். கதிரையைத் தள்ளிவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார்.

“இருங்கோ,” என்றார் தவநாயகம். கதிரையைத் திரும்ப இழுத்து வைத்தார்.

“நீங்கள் முதல்லை இருங்கோ, நீதிபதி ஐயா,” என்றார் அவர் அமைதியாக. “கோட்டிலை நீங்கள் இருந்தாப்பிறகுதானே எங்களைப்போல கைதிகளுக்கு இருந்து பழக்கம்.”