குடையை எடுத்தது யார்?

“குடையை எடுத்தது நீதான்யா! பேரு வாத்தியாரு, பாக்குறது திருட்டு வேலை!”

“யாரைப் பாத்துய்யா திருடன்னு சொல்றே? உன் ஓட்டைக் குடையை வச்சு நான் என்ன சல்லடையா செய்யப் போறேன்?”

மாடிப்படியில் பாதி ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் குரல் மேலே சங்கத்துக்கு வரும் தையல்காரருடையது, அவளுக்குத் தெரியும். இரண்டாவது குரல் யாருடையது என்று பிடிபடக் கொஞ்சம் நேரம் ஆனது.

அது அவள் வீட்டுக்காரரின் குரல்.

அவருக்கு பார்க்கின்சன் வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் சாக்பீஸ் பிடித்த கை நடுங்கியது. அப்புறம் நடை தளர்ந்தது. கடைசியில் குரலும் உள்ளே போய்விட்டது. பாழுங்கிணற்றுக்குள் உட்கார்ந்து பேசுவது போலப் பேசுவார். ஆரம்பத்தில் “என்னங்க? என்ன சொன்னீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கிப் போகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கேட்பதையே விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் அவர் வாய் அசைந்தால் போதும், “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன மாதம்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுச் சொன்னார். “ஒரு மாசம் பாக்கலாம் சார். அப்புறம் நானே வந்து கடைசி பெஞ்சுல உக்காருவேன். உங்க பாடம் எனக்குக் கேக்கணும். கேக்கலைன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன்.”

இருபத்தாறு வருஷம் கணக்குப் பாடம் எடுத்த மனுஷன். அன்றைக்குச் சாப்பாட்டைப் பிசைந்து வைத்ததோடு சரி, எழுந்துவிட்டார்.

அந்த ஒரு மாதம் நாளை மறுநாள், திங்கட்கிழமையோடு முடிகிறது.

“உங்களை மாதிரி நாலு பேரோட பழகினா தெம்பு வரும்” என்று அவள்தான் விசாரித்து இந்தச் சங்கத்தைக் கண்டுபிடித்தாள். அச்சகத்துக்கு மேலே ஒரு நீளமான அறை. சனிக்கிழமைதோறும் அவரைப் படிக்கட்டில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போவாள், முடிந்ததும் வந்து அழைத்துப் போவாள். இன்றைக்கு நாலு மணி மாத்திரை அவள் பையிலேயே தங்கிவிட்டது. அதைக் கொடுக்கத்தான் அவசரமாகத் திரும்பி வந்தாள்.

“எலிக் குரலை வச்சுக்கிட்டு என்னையே எதுத்துப் பேசுறியா?” மேலே தையல்காரர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. தெம்பு வரட்டும் என்று அனுப்பினால் இருக்கிற தெம்பையும் அல்லவா பிடுங்குகிறார்கள்! இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக் கதவைத் தள்ளினாள்.

“நிறுத்துங்க!”

கதவோரம் தையல்காரர் நின்றிருந்தார். பக்கத்து நாற்காலியில் சங்கத் தலைவரான பழைய பஸ் கண்டக்டர், செல்போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வீட்டுக்காரர் அந்தக் கோடியில், ஜன்னலோரம்.

“சட்டைக்குப் பட்டன் போடவே அவருக்குப் பத்து நிமிஷம் ஆகுது. அவர் வந்து உங்க குடையைத் திருடுவாராய்யா? ஒரே வியாதிக்காரங்களாச்சே, ஒருத்தருக்கொருத்தர் அனுசரணையா இருப்பீங்கன்னு நம்பி அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! என்ன குடை, என்ன கலர், சொல்லுங்க. நாளைக்கே புதுசா வாங்கிட்டு வந்து மூஞ்சியில விட்டெறியறேன்!”

தையல்காரர் திருதிருவென்று விழித்தார். “கலரா? அது... நீலம்னு வச்சுக்கலாமா?”

“எண்பத்தெட்டு!” என்று கூவினார் கண்டக்டர். “தங்கச்சி, உன் சத்தம் எண்பத்தெட்டு! இந்த அறையில இதுவரைக்கும் யாருமே இதைத் தொட்டதில்லை!”

அவர் செல்போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் சத்தத்தை அளக்கும் முள் ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“கோவிச்சுக்காத தங்கச்சி. இங்க எங்க எல்லாருக்குமே தொண்டை படுத்துக்கிச்சு. சத்தமா பேசுன்னா வர மாட்டேங்குது. சண்டைன்னா எங்கிருந்துதான் வருதோ, வந்துடுது! போன வாரம் பஸ்ல சீட்டுக்கு அடிச்சுக்கிட்டோம். இந்த வாரம் குடை.”

“குடையே கிடையாதும்மா. எனக்கு ரெயின்கோட்டுதான்” என்றார் தையல்காரர். இப்போது அவர் குரல் பழையபடி இறங்கியிருந்தது. “கீழே பாருங்க.”

குனிந்து பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. பக்கத்தில் நடுங்கிய எழுத்தில், ‘கடைசி பெஞ்ச்’.

“வாத்தியார் வகுப்பறைக்கே போயி, முழம் போட்டு அளந்துட்டு வந்து கிழிச்ச கோடு” என்றார் கண்டக்டர். “திங்கக்கிழமை ஜெயிக்காம விடுறதில்லை.”

கோபம் போன இடம் தெரியவில்லை, கண்ணில் நீர் முட்டியது. அந்தக் கோட்டின் மேல் நின்றபடியே ஜன்னலோரம் பார்த்துக் கேட்டாள், “ஏங்க, இதை ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கூடச் சொல்லலை?”

அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் பதில் வந்து சேர்ந்தது.

“மூணு வாரமா தினமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். நீதான் ‘சரிங்க, சரிங்க’ன்னு தலையாட்டிட்டுப் போயிடறே!”

(உங்கள் வீட்டிலும் குரல் இறங்கிப்போனவர் யாராவது இருக்கிறாரா? இன்றைக்கு அவர் என்ன சொன்னார்? தலையாட்டாமல் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து, கீழே எனக்கு எழுதுங்கள்.)