மூக்கடியில் ஒரு கண்ணாடி

"எங்கே, பாப்பான்னு சொல்லு பாப்போம்," என்று பேச்சுப் பயிற்சி தருபவர் எட்டாவது தடவையாகக் கேட்டார்.

பிள்ளையின் மூக்கடியில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்திருந்தார். மேலண்ணத்தில் இன்னும் இடுக்கு இருந்தால், 'பாப்பா' என்னும்போது காற்று மூக்கு வழியாகத் தப்பி வந்து கண்ணாடியை மங்கவைக்கும்.

பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் விட்டது. கண்ணாடி மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது.

டாக்டர் டார்ச் அடித்து ஏற்கெனவே பார்த்துவிட்டார். தையல் அருமையாகக் கூடிவிட்டதாம். வலியில்லை, வீக்கமில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாக ஏன் ஒரு சொல் வரவில்லை என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிளந்த அண்ணத்தோடு பிறந்த பிள்ளை. ஒரு வயதில் ஒட்டினார்கள். பேச்சு மூக்கால் வந்தது. ஆறு வயதில் மறுபடி கத்தி. கண் விழித்ததும் மூச்சு முட்டி அது கட்டிலில் துள்ளியதுதான் மிச்சம், பேச்சு தேறவில்லை.

அதற்காக வாய் ஓயுமா? பள்ளிக்கூடத்துப் பூனை குட்டி போட்டதிலிருந்து டீச்சர் குறட்டை விட்டது வரைக்கும் வந்து கொட்டும். வெளி ஆளுக்கு ஒரு சொல் விளங்காது. கடைக்காரரிடமும் டீச்சரிடமும், ஏன், பெற்ற அப்பனிடமும்கூட அம்மாதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

டாக்டரிடமும் அவள்தான் எடுத்துச் சொன்னாள்.

நல்ல மனுஷர். மூன்றாவது ஆபரேஷனுக்கு முன்னால் குனிந்து பிள்ளையிடமே சம்மதம் கேட்டார். பத்து வயதாகிவிட்டதே, கேட்க வேண்டியதுதான். அது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க என்னவோ சொன்னது. டாக்டர் அம்மாவைப் பார்த்தார்.

"சரிங்கறா டாக்டர். சீக்கிரம் பண்ணிடச் சொல்றா."

பிள்ளை மறுத்துத் தலையாட்டவில்லை. கையை மட்டும் விட்டுவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் பயந்தாளா, ஏதாவது சொன்னாளா என்று டாக்டர் இப்போது கேட்டார். இல்லையே என்றாள் அம்மா. பயிற்சி தருபவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மூக்கடியில் வைத்தார்.

அன்று பிள்ளை சொன்னது அந்தப் பாவி அம்மாவுக்கு ஓர் எழுத்து விடாமல் விளங்கியிருந்தது.

"கத்தி வேணாம்மா. நான் பேசறதுதானே எல்லாருக்கும் கஷ்டம்? இனிமே பேசவே மாட்டேம்மா, சத்தியமா."