அழும் பொம்மை

சாளரத்தின் சாம்பல் ஒளி பரிசோதனை மேசைமேல் படிந்திருக்கிறது. மூலையில் பயிற்சிப் பொம்மை விழித்தபடி கிடக்கிறது. நோய் முற்ற முற்ற உரக்க அழும் அந்தப் பொம்மையிடமே குழந்தை மருத்துவம் முழுவதையும் கற்றுத் தேறியவர் இந்த இளம் மருத்துவர். அவர் தொடும் முதல் உயிருள்ள குழவி, தாயின் தோளில் தலை சாய்த்திருக்கும் இந்த ஒரு வயது மகன்தான். "ரெண்டு நாளா சளி டாக்டர். வீட்ல ஊரையே கூட்டுவான். காலையிலேருந்து சத்தமே இல்ல," என்கிறாள் தாய். "அழாம இருந்தா நல்லதுதாம்மா. சமத்துப் பையன்." "இவனா, சமத்தா?" தாய் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறாள். கம்பளிச் சட்டைக்குள், பொம்மைக்கு ஒருபோதும் நேராத ஒன்று நிகழ்கிறது: மூச்சை இழுக்கப் போராடும் ஒவ்வொரு முறையும் விலா எலும்புகளுக்கிடையே சதை குழிந்து குழிந்து மீள்கிறது. சட்டையை எவரும் உயர்த்தவில்லை. "வெறும் சளிதாம்மா. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்க விடுங்க." மருத்துவரின் கை நிதானமாக மருந்தின் பெயரை எழுதுகிறது. தாயின் உதடுகள் ஓசையின்றி இறைவனை அழைக்கின்றன. அவளுடைய சுட்டுவிரலைப் பற்றியிருந்த பிஞ்சு விரல்கள், துயில்வதுபோல், ஒவ்வொன்றாக நெகிழ்கின்றன. அறையில் அழுகுரல் ஏதுமில்லை. மருத்துவரின் முகம் தெளிந்திருக்கிறது.