பால் மறக்கடித்தல்

கொழுந்து போதாதென்று முற்றிய வேப்பிலையையும் அம்மியில் போட்டு அரைத்தாள்.

நேற்று அரைத்ததை அவன் சட்டையே செய்யவில்லை.

குழவி நழுவி நழுவி ஓடியது. அவசரத்தில் விரலை நசுக்கிக்கொண்டாள். வாயில் வைத்துச் சப்பினாள். கசந்தது. நல்லது, இன்னும் கசக்கட்டும்.

கடலில் கப்பல் நின்றது.

ஒல்லாந்துத் துரையின் குடும்பம் நாளைக் காலையில் அதில் ஏறுகிறது. கடல் தாண்டி, பத்தாவியாவுக்கு. நாகப்பட்டினத்து வீடும், கட்டில் பெட்டிகளும், அடிமைகளும் அடுத்து வருகிற துரைக்கு. கட்டிலும் அடிமையும் அவர்களுக்கு ஒரே கணக்குதான்.

அவள் மட்டும் எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை.

துரையின் பிள்ளை பீத்தர் பாலை மறந்து கஞ்சிக்குப் பழகிவிட்டால் அவள் இங்கேயே கிடக்கலாம். மறக்காவிட்டால் பிள்ளையோடு கப்பலேற வேண்டும். துரைசானி அப்படித்தான் சொல்லியிருந்தாள். கப்பலில் ஓர் அடிமைக்குத்தான் இடம். அடிமையின் பிள்ளைக்கு இல்லை.

அடிமையின் பிள்ளை சமையற்கட்டுக்குப் பின்னால் மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. அஞ்சலை. நடக்கப் பழகிய கையோடு ஓடவும் பார்க்கிறது. துரை மகன் குடித்து மிச்சம் இருந்தால்தான் அதற்குப் பால். சமையற்காரி காத்தாயி வாசலில் காவல் நிற்பாள். இவள் அவசர அவசரமாக ஊட்டிவிட்டு ஓடுவாள்.

தன் பாலைத் தானே திருட வேண்டியிருந்தது.

உள்ளே பீத்தர் அழத் தொடங்கினான்.

விழுதை வழித்து மார்பில் அப்பிக்கொண்டு ஓடினாள்.

துரைசானி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கஞ்சிக் கிண்ணம். பிள்ளை அதைத் தட்டிவிட்டிருந்தான். தரையெல்லாம் கஞ்சி.

அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினான்.

அவனைப் பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பஞ்சத்தில் பெற்றவர்களே விற்றுவிட்டுப் போன பெண் அவள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்ததும் சிரித்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் பல் முழுதாக முளைக்கவில்லை.

மடியில் போட்டுக்கொண்டாள். வாய் வைத்தான்.

முகம் சுருங்கியது. நாக்கை வெளியே தள்ளினான். பச்சை எச்சில் வழிந்தது.

துப்பு. துப்பிவிடு, ராசா.

அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீத்தர் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மறுபடி வாய் வைத்தான்.

சப்பினான். முகத்தைச் சுளித்தான். இன்னும் சப்பினான். கசப்பு போகும், பால் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

தெரியவைத்தவளும் அவள்தான். கைக்குழந்தையாக இருந்தபோது மாந்தம் கண்டு, பாலெல்லாம் எதிரெடுத்து, நூலாக இளைத்துக் கிடந்தான். உள்ளூர் மருந்து என்றால் துரைசானி வீட்டைத் தலைகீழாக்கிவிடுவாள். அதனால் வசம்பையும் கடுக்காயையும் மறைவாகக் கல்லில் உரைத்து, மார்பில் தடவி, பாலோடு பாலாக உள்ளே அனுப்பினாள். மாதக்கணக்கில். பிள்ளை தேறினான். முதலில் கசக்கும், அப்புறம் இனிக்கும் என்று கற்றுக்கொண்டு தேறினான்.

தொட்டில் பழக்கம். யாரை நோக?

அடுத்த மார்பில் விழுதைக் கெட்டியாக அப்பினாள். துரைசானியே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். இவன் நகரவில்லை. கண்ணில் நீர் முட்ட, அவள் காதைப் பிடித்துக்கொண்டு, அதையும் குடித்து முடித்தான்.

அவனைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. இறுக்கி அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் முதுகைத் தட்டினாள். ஏப்பம் விட்டான்.

துரைசானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போகிற போக்கில் காத்தாயியிடம் ஏதோ சொன்னாள்.

காத்தாயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன்னையும் கூட்டிட்டுப் போறாங்களாம் புள்ள. விடிஞ்சதும் படகாம்."

அவள் தலையாட்டினாள்.

தூங்கிவிட்டவனைத் தொட்டிலில் கிடத்தினாள். ஈ மொய்க்காமல் துணி போட்டாள். முற்றத்துக்கு வந்தாள். திரும்ப உள்ளே போனாள். மறுபடி வந்தாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெயில் இன்னும் சாயவில்லை. கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது.

அஞ்சலையை நினைத்தாள். நாளைக்கு அழும். காத்தாயி கஞ்சி கரைத்து நீட்டுவாள். வேண்டாம் என்று தட்டிவிடும். வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பசியோடு எத்தனை நாள் பார்க்கும்?

அம்மியண்டை போய் உட்கார்ந்தாள். மிச்சம் கிடந்த விழுதை ஒட்ட வழித்து இரண்டு பக்கமும் பூசிக்கொண்டாள்.

"அஞ்சல, வாடி."

பட்டப்பகலில் அம்மா கூப்பிட்டது அதற்கு அதிசயமாக இருந்தது. மணலோடு ஓடி வந்தது. காவலுக்கு நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் காத்தாயி நடுவாசலில் நின்றாள்.

அஞ்சலை மடியில் ஏறியது. சிரித்துக்கொண்டே வாய் வைத்தது.

ஒரே வாய்தான்.

துப்பியது. தலையை உதறியது. அவளை நிமிர்ந்து பார்த்தது. அழக்கூட இல்லை. மடியை விட்டு இறங்கி, காத்தாயியின் சேலையைப் பிடித்து இழுத்து, கஞ்சி கேட்டது.