எதிர்வாரத்துக்காரி

"எதிர்வாரத்துக்காரின்னு ஒருத்தி. அவளுக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி," என்றார் அப்பா, பட்டறைச் சுவரைப் பார்த்தபடி.

மகள் அன்றுதான் கட்டுமானப் படிப்பில் சேர்ந்திருந்தாள். அப்பா படித்த அதே கல்லூரி, அதே முறை. ஒரு வாரம் வகுப்பில் பாடம், மறுவாரம் பட்டறையில் செங்கல்லும் சாந்தும். பாதிப் பேர் படிக்கும்போது மீதிப் பேர் கட்டுவார்கள். சேர்த்துவிட்டுக் கிளம்புவார் என்று பார்த்தால், மனிதர் பட்டறைக்குள் நுழைந்து பின்சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டார். அந்தச் சுவரே அவர் காலத்து மாணவர்கள் கட்டியதுதானாம்.

இவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் அந்த எதிர்வாரத்துக்காரி தொடர்வாளாம். முதல் வருஷம் முழுக்க முகம்கூடத் தெரியாது. ஆனால் இவர் முறை வந்து போய் நின்றால், செங்கல்லில் சாக்பீஸ் எழுத்து காத்திருக்கும். 'சுவர் சாய்கிறது. தூக்குக்குண்டு எதற்கு, தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கவா?' என்று ஒருமுறை. இவரும் சளைக்காமல், 'வாயால் கட்டினால் மாளிகைதான்' என்று எழுதிவைத்தாராம்.

சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு தாளவில்லை. மகளுக்கோ வயிறு எரிந்தது.

அம்மாவை அவள் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அம்மா எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள் என்று கேட்டால், அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். "அவனைக் கிளறாதே" என்று அத்தையும் அடக்கிவிடுவாள். பேசத் தெரியாத மனுஷன், போகட்டும் என்று இத்தனை வருஷம் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால், யாரோ ஒருத்திக்காக மடை திறந்த மாதிரி கொட்டுகிறார்.

"அம்மாவைப் பத்தி என்னைக்காவது இவ்வளவு பேசியிருக்கீங்களாப்பா?" கேட்டே விட்டாள்.

அப்பா சுவரின் நடுவில் ஓர் இடத்தைத் தடவினார்.

"இதுவரைக்கும் நான். இதுக்கு மேல அவ. பாரேன், என்னுதை விட நேரா இருக்கு."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு உசத்தின்னா, அவளையே கட்டியிருக்க வேண்டியதுதானே?"

அப்பா திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

"அவளைத்தாம்மா கட்டினேன். உன்னை என் கையில குடுத்துட்டு அன்னைக்கே போயிட்டா."