மீரான் பாய் போடாத கையெழுத்து

அநியாயம் நடந்தது என் அப்பா சவரிராஜுக்கு. செய்தவர் டிரைவிங் ஸ்கூல் மீரான் பாய்.

அப்பா இருபத்திரண்டு வருஷம் லாரியில் கிளீனர். டிரைவர் கண் அசரும்போதெல்லாம் பாதி இந்தியாவை இவர்தான் ஓட்டியிருக்கிறார் என்று அம்மா சொல்வாள். இப்போதுதான் ஹெவி லைசென்ஸ் எடுக்கத் துணிந்தார். டெஸ்டுக்குப் போக, பயிற்சி முடிந்தது என்று மீரான் பாய் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பாவோடு பயிற்சிக்குச் சேர்ந்த, லாரி ஸ்டியரிங்கையே அதுவரை தொட்டிராத மாயவனுக்கு முப்பதாவது நாள் போட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு ஐம்பது நாளாகியும் போடவில்லை. கேட்டால், "இன்னும் ஆகல சவரி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பருக்கு அப்பாவை டிரைவராக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். மாதக் கடைசிவரைதான் காத்திருப்பாராம். அது போனால் அப்பா சாகிறவரைக்கும் கிளீனர்தான்.

நான் திருச்சியில் எம்.ஏ. படிக்கிறேன். சும்மா விடுவேனா? வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன்.

டவுனைத் தாண்டி ஒரு பொட்டல். கோடியில் மூடிப்போன அரிசி ஆலையின் சுவர். அங்கேதான் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் மீரான் பாயை நிற்கவைத்துப் பேசினேன். காசு வாங்கிக்கொண்டு தாமதிப்பது சேவைக் குறைபாடு என்றேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் மேலே வர நினைப்பது குற்றமா என்றேன். அப்பா டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மீரான் பாய் எல்லாவற்றையும் கேட்டார்.

"டீ ஆறுதும்மா" என்றார்.

டீயைக் கொண்டுவந்தவர் அய்யாக்கண்ணு. அந்த ஸ்கூலில் லாரி ரிவர்ஸ் வரும்போது பின்னால் நின்று குரல் கொடுக்கிற ஆள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எங்கப்பா இப்பவே ரிவர்ஸ் எடுத்துக் காட்டுவாரு. பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. ஆனா இன்னிக்கு அய்யாக்கண்ணு வேணாம். நீ பின்னால நின்னு குரல் கொடு."

"அவ எதுக்கு பாய்?" என்றார் அப்பா.

"ஏன் சவரி, உன் கை மேல உனக்கே சந்தேகமா?"

அப்பா ஏறினார். மீரான் பாய் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பயிற்சி வண்டி என்பதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. டிரைவர் பக்கமாகவே நிற்கும்படியும், கண்ணாடியில் அப்பா முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளும்படியும் அய்யாக்கண்ணு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

"வரலாம்... வரலாம்..."

லாரி வந்தது.

முன்னால் போகிற லாரியைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். நம்மை நோக்கிப் பின்னால் வருகிற லாரி வேறு. அதற்கு முகம் கிடையாது. ஒரு வீட்டுச் சுவர் எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. காலடியில் மண் அதிர்ந்தது. 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்துகள் பெரிதாகி, இன்னும் பெரிதாகி, பிறகு வானமே தெரியவில்லை. இத்தனை பெரியதை என் அப்பா ஒரு விரல் அசைவில் நகர்த்துகிறார் என்று வாயடைத்துப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடந்தேன். எப்போது வண்டிக்கு நேர் நடுவில் வந்தேன் என்று தெரியாது. முதுகில் சுவர் இடித்தது.

நிறுத்துங்க என்று கத்தியிருக்க வேண்டும். பயத்தில் நாக்கு பழைய சொல்லையே பிடித்துக்கொண்டது.

"வரலாம்... வரலாம்..."

லாரி நின்றது. என் மூக்குக்கும் அதற்கும் இடையே மூன்று முழம் இருக்கும்.

அப்பா இறங்கி ஓடி வந்தார். மீரான் பாய் மெதுவாக வந்தார்.

"நான் பிரேக்க மிதிக்கல. அவதான் வரலாம்னு சொன்னாளே, நீ ஏன் நிறுத்துன சவரி?"

"பாப்பா துப்பட்டா கண்ணாடியிலேர்ந்து மறைஞ்சுபோச்சு பாய்."

எனக்கு உயிரும் வந்தது, வாயும் வந்தது. "பாத்தீங்களா? சொன்ன சொல்லையே நம்பாம கண்ணாடியப் பாத்து நிறுத்தியிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

மீரான் பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைச் சொறிந்தார்.

"இன்னிக்குத்தான் பாப்பா பாத்தேன். பாய் ஐம்பது நாளா கண்ணாடியப் பாருன்னுதான் சொல்றாரு. எனக்குக் காதே பழகிப்போச்சு. குரல் வந்தா வருவேன், நின்னா நிப்பேன். இன்னிக்கு நீ நிக்கிறப்ப கண்ண எடுக்க முடியல."

"அப்ப மத்த நாளு?"

"மத்த நாளு அய்யாக்கண்ணுதானே நிப்பான்."

வெகு சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அய்யாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தேன்.

மீரான் பாய் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். லாரியின் பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, நான் அரை மணி நேரமாகக் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"அய்யாக்கண்ணுக்கும் அரும்பாவூர்ல ஒரு மக இருக்காம்மா."